எரவாணத்தில் சொருகிய தூண்டில்

தூண்டிற்கோலை மீன் முறிப்பது அரிது. மின்விசிறி முறிக்கும், காரின் கதவு முறிக்கும், பரண்மேல் கிடக்கும் தகரப்பெட்டி முறிக்கும். நீருக்குள் இழுத்த இழுப்புக்கெல்லாம் வளைந்து கொடுத்து மீண்ட கோல், கரையேறிய பின் நாம் அதைக் கொண்டுபோகும் விதத்திலும் கிடத்தி வைக்கும் விதத்திலும்தான் பெரும்பாலும் பாழாகிறது. இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் தூண்டிலைப் பாதுகாக்கும் முறையைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். சங்கப் புலவர் ஒருவருக்குத் தூண்டிலைக் கொண்டே பெயர் அமைந்த மொழி நம்முடையது. அவரிடம் பின்னர் வருவோம். முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

எம் தந்தையார் பள்ளி ஆசிரியர். ஊர் அரசலாற்றங்கரை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் தாழ்ந்ததும் தூண்டிலோடு படித்துறைக்குப் போவார். கெண்டையும் கெளுத்தியும் குறவையும் அகப்படும். பல நாள் ஒன்றும் அகப்படாது. அவரிடம் இரண்டு கோல்கள் இருந்தன. ஒன்று, அவரே வெட்டிப் பதப்படுத்திய மூங்கிற்கழி. மயிலிறகுத் தண்டுதான் அதற்குத் தக்கை. மற்றொன்று, 1990களில் சிங்கப்பூரிலிருந்து வந்த சிற்றப்பா கொடுத்த கண்ணாடியிழைக் கோல். இரண்டு துண்டாகக் கழற்றலாம். கூடவே ஒரு ரீலும் உண்டு.

ஆற்றிலிருந்து திரும்பியதும் அவர் நேரே உள்ளே வந்துவிட மாட்டார். திண்ணையில் அமர்ந்து நரம்பைத் தளர்த்துவார். முள்ளை ஒரு நெட்டித் துண்டில் குத்துவார். பழைய வேட்டித் துணியால் கோலை அடியிலிருந்து நுனிவரை துடைத்துக் காற்றாட வைப்பார். பிறகுதான் மூங்கிற்கழி எரவாணத்துக்கு ஏறும். ஓட்டுக் கூரையின் சரிவில், சுவருக்கும் கைமரத்துக்கும் இடையே, அரிவாளும் குடையும் பஞ்சாங்கமும் சொருகிக் கிடக்கும் அந்த இடத்தில், முழ இடைவெளிக்கு ஒரு முளை அடித்து அதன்மேல் கோலைக் கிடத்தியிருந்தார். எந்த இடத்திலும் அது தொய்யாது. எதன் எடையும் அதன்மேல் விழாது. அடுக்களைப் புகையும் மெல்ல வந்து படும். கைநீட்டினால் எடுத்துவிடலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கழி அங்கே கோணாமல் இருந்தது.

2004இல் ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டினோம். கான்கிரீட் வீட்டுக்கு எரவாணம் இல்லை. இரண்டு கோல்களையும் பரணில் ஏற்றினோம். ‘ஏற்றினோம்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்றியவர் அவர் அல்லர், நாம். பரணின் நீளத்தைவிடக் கழி நீளம் என்பதால் அதை மூலைவாட்டில் வளைத்துத் திணித்து, நழுவாமலிருக்கத் தகரப்பெட்டி ஒன்றை அதன்மேல் வைத்தோம். தந்தையார் ஒருமுறை சொன்னார்: “அதுக்கு ஒரு இடம் பாருப்பா.” “பாக்கலாம்ப்பா” என்றோம். அவர் மறுமுறை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போவதும் நின்றது. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டோம். 2019இல் அவர் மறைந்தார். சென்ற ஆண்டு பரணைத் துப்புரவு செய்தபோது கழியை இறக்கினோம். வில்லைப் போல் வளைந்திருந்தது. தட்டியபோது துளைகளிலிருந்து மாவு கொட்டியது. ரீலின் கைப்பிடி சுழல மறுத்தது.

இக்கட்டுரை அந்த மாவிலிருந்து பிறந்தது. பொருள்களைப் பாதுகாப்பது என்றால் சேதமாகாமல் வைப்பது என்று மட்டுமே நாம் எண்ணிக்கொள்கிறோம். கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் பாதுகாப்பின் பாதி என்பது எமது கருத்து. வைக்கும் இடம் போனால் வழக்கமும் போகும். வழக்கம் போன பின்பு பொருள் கெடுவதற்கு அதிக நாள் ஆவதில்லை.

*

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட உவமையே அவர் பெயராயிற்று: மீனெறி தூண்டிலார். தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய காட்டியானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலை விட்டுவிடுகிறது. மூங்கில் விர்ரென்று மேலெழுகிறது, மீன் பற்றியதும் உயரத் தூக்கப்படும் தூண்டிலைப்போல. தலைவியின் துயரைச் சொல்ல வந்த பாட்டு இது. வகுப்பில் பாடம் சொல்லும்போது உள்ளுறை, இறைச்சி என்று விரித்துச் செல்வோம். பொருளின் இயல்பை அந்தப் புலவர் எவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவோம். வளைவதும் விட்டவுடன் நிமிர்வதும் மூங்கிலின் இயல்பு. தூண்டிலின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. யானை விட்டுவிட்டது, மூங்கில் நிமிர்ந்தது. நாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக விடவில்லை.

நொடிப்பொழுது வளைந்த மூங்கில் மீளும். மாதக்கணக்கில் வளைத்து வைத்த மூங்கில் அந்த வளைவையே தன் வடிவமாகக் கொள்ளும். ஈரக் காற்றும் வெப்பமும் சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். கோலை மூலையில் சாய்த்து வைக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். சாய்த்து வைத்த கோல் தன் எடையாலேயே மெல்ல வளையும். செங்குத்தாகத் தாங்கியில் நிறுத்தலாம். நுனியில் கட்டித் தொங்கவிடலாம். கிடத்துவதானால் பல இடங்களில் தாங்கல் வேண்டும். இரண்டே ஆணிகளில் கிடத்தினால் நடுவில் தொய்யும். எம் தந்தையாரின் முளைகள் இந்தக் கணக்கை அறிந்திருந்தன.

புகையின் கணக்கும் பழையது. ஆங்கில மொழியில் தூண்டில் பற்றி அச்சான முதல் நூல் எனப்படுவது 1496இல் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. கோலுக்கான கழியைக் குளிர் மாதங்களில் வெட்டி, சூடுகாட்டி நிமிர்த்தி, வீட்டுக் கூரையில் புகை படும்படி வைத்து நன்றாக உலர்த்த வேண்டும் என்று அது கூறுகிறது. நம் ஊர்களில் முறமும் கூடையும் விதைக் கதிரும் அடுப்புக்கு மேலே தொங்கியதன் பொருளும் அதுவே. பச்சை மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. புகை படிந்த காய்ந்த மூங்கிலை அது எளிதில் நாடுவதில்லை. தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்பார் எம் தந்தையார். நிலவுக்கு அதில் பங்குண்டோ இல்லையோ, வெட்டும் காலத்துக்கு உண்டு.

அதே நூலில் இன்னொரு செய்தி சுவையானது. கோலின் அடிப்பகுதியைக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் குடைந்து உள்ளீடற்றதாக்கி, மேற்பகுதிகளை அதற்குள்ளேயே செருகிக்கொள்ளச் சொல்கிறது. வழியில் காண்போருக்கு அது கைத்தடியாகவே தோன்றும். எங்கே போகிறீர்கள் என்பதை எவரும் அறியார் என்று குறும்பாகவும் சொல்கிறது. தூண்டிலே தன் உறையாகவும் ஆகிவிடுகிறது. கொண்டுசெல்வதைப் பற்றிய சிந்தனை செய்யும்போதே தொடங்கிவிட்டது என்பதை இதில் காண்கிறோம். நாமோ கோலை வாங்கிய பின்பு, வண்டியில் இடமில்லாதபோதுதான் அதைப் பற்றி நினைக்கிறோம்.

*

மூங்கிலின் காலம் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பட்டறைகளில் ஆறு மூங்கிற்சிம்புகளை அறுகோணமாக ஒட்டிக் கோல் செய்தபோது, ‘கல்கத்தா மூங்கில்’ என்ற பெயரில் கப்பலேறியது இந்திய மூங்கில். பின்னர் சீனத்து டான்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும், 1970களில் கரியிழையும் வந்தன. இன்று கடைகளில் ‘கார்பன் ராடு’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இறகு போல் எடையற்றது, வலிமையோ மிகுதி.

ஆனால் கரியிழைக் கோலுக்கு ஒரு குறை உண்டு. வளைப்பைத் தாங்கும் அது, பக்கவாட்டில் விழும் சிறு அடியைத் தாங்காது. வண்டியின் பின்புறத்தில் ஈயக்குண்டுகளோடு உருண்டு வந்த கோலின் மெல்லிய குழாய்ச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும். அன்று ஒன்றும் ஆகாது. சில வாரம் கழித்து நல்ல மீன் ஒன்று இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறியும். மீனையோ செய்தவனையோ நாம் குறைசொல்வோம். எம் தமக்கையின் மகன் வாங்கிய முதற்கோல் இப்படித்தான் போயிற்று. இரண்டாவது கோல் ஆற்றையே பார்க்கவில்லை. கூடத்தில் நின்று நண்பனுக்கு வீசிக் காட்டினான். மின்விசிறி நுனியை எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் கோலைப் பூட்டாதே என்பது நம் நாட்டுக்கென்றே எழுத வேண்டிய விதி.

கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. முழுநீளத்துக்குப் பூட்டிய கோலைத் தோளில் நிமிர்த்திப் பிடித்தபடி மின்கம்பியின் கீழே நடப்பதும், இடிமழையில் அதை ஏந்தி நிற்பதும் உயிரைப் பறிக்கும். நம் வாய்க்காற்கரைகளில் வயல் மோட்டாருக்குப் போகும் கம்பிகள் தாழத் தொங்குவதை அறிவோம். ஆகவே நீர்க்கரையை அடைந்து, அண்ணாந்து பார்த்த பின்பே கோலைப் பூட்ட வேண்டும். கிளம்பும்போது அங்கேயே கழற்றிவிட வேண்டும். பூட்டிய கோலோடு ஒற்றையடிப் பாதையில் நடக்க நேர்ந்தால் நுனி பின்னால் வரவேண்டும். “நுனி பின்னால வரட்டும், கண்ணு முன்னால போகட்டும்” என்பது எம் தந்தையாரின் வாக்கு. முன்னால் நீட்டினால் மரத்தில் குத்தி முறியும், அல்லது முன்னால் நடப்பவரின் முதுகைப் பதம் பார்க்கும்.

கழற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பொருத்து இறுகிவிட்டால் சிலர் முறுக்கிப் பிடுங்குவர். உலோகப் பொருத்துடைய பழைய கோல்களை முறுக்கவே கூடாது; நேர்கோட்டில் இழுக்க வேண்டும். மணல் துகள் ஒட்டாமல் துடைத்த பிறகே பொருத்த வேண்டும். பல மாதம் பூட்டியபடியே விட்ட கோல் பிறகு பிரிய மறுப்பதும் உண்டு. கோலில் உள்ள வளையத்தில் முள்ளை மாட்டி நரம்பை இழுத்துக் கட்டிக் கொண்டுபோவது எல்லோரும் செய்யும் தவறு. முள் உராய்ந்த வளையம் நுண்ணிய கீறல் பெறும். அந்தக் கீறல் அடுத்த முறை நரம்பை அறுக்கும். இழுத்துக் கட்டிய நரம்பால் நுனி நாள்முழுதும் வளைந்து கிடக்கும்.

உறைக்கு வருவோம். கடையில் விற்கும் கெட்டியான உறையின் விலை சில வேளை கோலின் விலையை நெருங்கும். வன்பொருட் கடையில் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயை வேண்டிய நீளத்துக்கு அறுத்து வாங்கி, இருபுறமும் மூடியிட்டு, உள்ளே அடியிலும் முடியிலும் பஞ்சுத் துண்டு வைத்தால் தீர்ந்தது. கோலைத் துணிப்பையில் இட்டு அதனுள் செருகலாம். பேருந்தின் மேற்தட்டில் எவர் மூட்டை விழுந்தாலும் கவலையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஈரக் கோலை உள்ளே அடைக்கக் கூடாது. அடைத்தால் பூசணம் பிடிக்கும், மெருகு கொப்பளிக்கும். மூடியில் சிறு துளையிட்டு வைப்பது நல்லது. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளேயும் நெடுநேரம் விடலாகாது. அந்தச் சூட்டில் நுனிவளையத்தைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும்.

*

ரீலின் கதை வேறு. அதன் பகை ஈரமும் உப்பும். நிலைத்த கண்டுடைய இன்றைய ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த இல்லிங்வொர்த் என்ற நூற்பாலைத் தொழிலதிபர். ஆலையில் கண்டிலிருந்து நூல் உருவிவரும் விதத்தைக் கண்டவருக்கு, நரம்பும் அப்படியே உருவி ஓடலாமே என்று தோன்றியிருக்கிறது. கோயம்புத்தூரில் பஞ்சாலையின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைப் படித்து மகிழலாம். நூற்பாலை இயந்திரத்தை யாரும் துடைக்காமல், எண்ணெயிடாமல் விடுவதில்லை. அதன் வயிற்றில் பிறந்த ரீலைத்தான் ஈரத்தோடு பையில் போட்டுப் பூட்டுகிறோம்.

கடலில் பயன்படுத்திய ரீலை அன்றே நன்னீரில் அலச வேண்டும். குழாயைத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்த் தங்கும். ஆகவே மெல்லத் தெளித்துத் துடைப்பதே முறை. அலசும்போது இழுவிசைத் திருகை இறுக்கி வைத்தால் நீர் உள்ளே புகாது. உலர்ந்ததும் அதைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் நசுங்கி, அடுத்த முறை நரம்பு சீராக ஓடாமல் விக்கி விக்கி ஓடும். சுழலும் இடங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய். பற்சக்கரத்துக்குச் சிறிது கிரீஸ். பயணத்தில் ரீலைக் கோலிலிருந்து கழற்றி, கைப்பிடியை மடக்கி, தனியே துணியில் சுற்றிக் கொண்டுபோவதே அறிவு. நரம்பை வெயில் படாமல் வைக்க வேண்டும். நைலான் வெயிலில் வலுவிழக்கும். நெடுநாள் சுற்றியே கிடந்தால் அந்தச் சுருளை விடாது. இதை அத்தொழிலில் உள்ளோர் ‘நினைவு’ என்று குறிப்பர். நல்ல சொல். வளைத்து வைத்த மூங்கிலுக்கும் அதுவே பொருந்தும்.

*

“இத்தனை பாடு எதற்கு? கோல் போனால் இன்னொன்று வாங்கினால் போயிற்று” என்பார் உண்டு. சில நூறு ரூபாய்க்கும் கோல் கிடைக்கும் நாளில் அவர்கள் கேள்வி நியாயமானதே. புளியம் விளாரில் நரம்பைக் கட்டி மீன் பிடிக்கும் சிறுவனுக்கு உறையும் தாங்கியும் வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவன் விளார் மண்ணுக்கே திரும்பும். கரியிழையும் கண்ணாடியிழையும் அப்படித் திரும்புவன அல்ல. முறிந்த கோல் குப்பைமேட்டில் நம்மைவிட நெடுநாள் கிடக்கும். மக்காத பொருளை வாங்குகிறவனுக்கு அதை நெடுநாள் காக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. விலை குறைவு என்பது அக்கடமையிலிருந்து விடுதலை தராது.

கொண்டுசெல்வது என்பதில் திரும்பக் கொண்டுவருவதும் அடங்கும். அறுந்த நரம்பைக் கரையில் எறிந்துவிட்டு வருகிறோம். அதில் கொக்கும் நாரையும் கால் சிக்கித் தவிக்கின்றன. படித்துறையில் தவறிய முள் வெறுங்காலில் ஏறுகிறது. தூண்டில் முள்ளை வந்த வழியே பிடுங்க இயலாதென்பது பட்டவருக்குத் தெரியும். எம் தந்தையாரின் நெட்டித் துண்டும், சட்டைப்பையில் அறுந்த நரம்பைச் சுருட்டிப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் வெறும் சிக்கனமல்ல. தமக்குப் பின்னால் அதே படியில் கால்வைக்கப் போகிறவரை அவர் நினைத்திருந்தார்.

மூங்கிற்கழியை நிமிர்த்த முடியுமா என்று ஏணி கட்டும் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். அனலில் வாட்டி நிமிர்த்துவதில் கைதேர்ந்தவர். விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கோணல நிமித்தலாம் சார். உளுத்தத என்ன பண்றது?” என்றார். ரீல் பிழைத்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து எண்ணெயிட்டபின், மூன்றாம் நாள் சுழன்றது. கண்ணாடியிழைக் கோல் சற்றே வளைந்திருந்தாலும் பயன்படும். அவற்றைத் தமக்கை மகன் கேட்டிருக்கிறான்.

கொடுக்குமுன் ஒன்று செய்தோம். அவன் வீட்டு வெளிவாசலை அடுத்த சுவரில், வெயிலும் மழையும் படாத இடத்தில், முழ இடைவெளிக்கு ஒன்றாக மரமுளைகள் அடித்தோம். கைநீட்டினால் எட்டும் உயரம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேலை அது.